நோட்டை எடைக்குப் போட்டுடாதே, தம்பி!

வாரா வாரம்: ரூட்டு மாறினவங்க



மெயிலும் மெசேஜுமா குவியுற இந்தக் காலத்துல, போன வாரம் ஒரு தபால் கவர் வந்துச்சு. திருப்பத்தூர் முத்திரை. பிரிச்சா, ரெக்கார்டு நோட்டிலிருந்து கிழிச்ச ரெண்டு தாள். முன்பக்கம் கடிதம். பின்பக்கம் திருப்பினேன்... அசந்துட்டேன்!

ஜவ்வாது மலைச் சரிவுல ஒரு நடுகல். கையில வில்லோட ஒரு வீரன். கல்லுக்குப் பக்கத்துல ஒரு ஆடு, 'இதெல்லாம் நான் தினமும் பார்க்கிறதுதானே'ங்கிற மாதிரி மேய்ஞ்சுக்கிட்டு இருக்கு. மொத்தமும் சாதாரண பால்பாயின்ட் பேனா. கல்லோட சொரசொரப்பு, விரலால தடவினா தெரியும் போல இருந்துச்சு.

கடிதத்துல இருந்து கொஞ்சம்:

"அண்ணா, எங்க ஊரு புதூர்நாடு பக்கம். திருப்பத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கி பி.எஸ்சி. பிசிக்ஸ் மூணாவது வருஷம் படிக்கிறேன். வீட்டுல சாமை வெள்ளாமை. ஆறாம் கிளாஸ்ல இருந்து வரையறேன். பதினேழு நோட்டு சேர்ந்திருக்கு. 'இதை வெச்சு என்னடா பண்ணப் போற? பி.எட். முடி, வாத்தியார் ஆகு'ன்னு அப்பா சொல்றாரு. அவரு சொல்றது தப்பு இல்லைண்ணா. எங்க மாமா ஒருத்தரு சினிமா பேனர் வரைஞ்சுக்கிட்டு இருந்தாரு. ஃப்ளெக்ஸ் வந்ததும் வேலை போயிருச்சு. இப்போ வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறாரு. பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கிறப்போ நோட்டையெல்லாம் எடைக்குப் போட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டேன். கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா படிப்பு ஏற மாட்டேங்குது. யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு, அதான்."

கவனிச்சீங்களா? தம்பி ஒரு கேள்வி கூட கேட்கலை. 'நான் என்ன செய்யட்டும்?'னு கேட்டிருந்தா கூட நிம்மதியா இருந்திருக்கும். முடிவு பண்ணிட்டு தகவல் சொல்றான். அதுதான் எனக்குத் திக்குனு ஆச்சு.

இந்த வாரம் வேற ஒருத்தரைப் பத்தி எழுதி வெச்சிருந்தேன். அதை ஓரங்கட்டிட்டேன். இன்னிக்கு நம்ம ஆளு... சிவகுமார்.

"யாரு, சூர்யா கார்த்தியோட அப்பாவா?"ன்னு கடைசி பெஞ்ச்ல இருந்து ஒரு குரல் கேட்குது. ஆமா பாஸ், அவரேதான். ஆனா இந்தக் கதை தொடங்குறப்போ அவரு சிவகுமாரும் இல்லை, நடிகரும் இல்லை.

பழனிசாமின்னு ஒரு பையன்

1941 அக்டோபர் 27. கோவை மாவட்டம் சூலூர் பக்கத்துல காசிகவுண்டன்புதூர்னு ஒரு சின்ன கிராமம். அங்கே பிறந்த பையனுக்கு வெச்ச பேரு பழனிசாமி. கைக்குழந்தையா இருக்கிறப்பவே அப்பா தவறிட்டார். காட்டுலயும் மேட்டுலயும் பாடுபட்டு அம்மா வளர்த்தாங்க. வானம் பார்த்த பூமி. நம்ம புதூர்நாட்டுத் தம்பி வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, சாமைக்குப் பதிலா வேற பயிர், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட வீட்டுப் பையன், 'நான் படம் வரையப் படிக்கப் போறேன்'னு 1958-ல மெட்ராஸுக்கு ரயிலேறுறான். யோசிச்சுப் பாருங்க. இன்னிக்கே 'ஃபைன் ஆர்ட்ஸ்'னு சொன்னா சொந்தக்காரங்க 'அப்படின்னா?'ன்னு கேட்கிறாங்க. அன்னிக்கு?

முதல்ல 'மோகன் ஆர்ட்ஸ்'னு ஒரு பேனர் கம்பெனி. தம்பி, உன் மாமா பார்த்த அதே வேலைதான்! அப்புறம் எழும்பூர்ல இருக்கிற அரசு ஓவியக் கல்லூரியில இடம் கிடைச்சது. லேசுப்பட்ட இடம் இல்லை அது. 1850-ல அலெக்ஸாண்டர் ஹன்டர்னு ஒரு டாக்டர் தொடங்கினது. மெரினாவுல உழைப்பாளர் சிலை பார்த்திருப்பீங்களே, அதைச் செஞ்ச தேவி பிரசாத் ராய் சவுத்ரி 1957 வரைக்கும் அங்கேதான் தலைமைப் பொறுப்புல இருந்தார். அவருக்கு அப்புறம் கே.சி.எஸ். பணிக்கர். பணிக்கரோட வழிகாட்டுதல்லதான் 1966-ல ஓவியர்கள் ஒண்ணா சேர்ந்து சோழமண்டல் ஓவியர் கிராமத்தை உருவாக்கினாங்க. காந்தி ஓவியங்களால பேர் வாங்கின ஆதிமூலமும் அந்த 60-கள்ல அதே வளாகத்துல படிச்சவர்தான்.

படிப்பு ஆறு வருஷம். லீவு கிடைச்சா பையன் ஊர் சுத்தப் போயிடுவான், கையில பேப்பர், கலர், பிரஷ். தஞ்சாவூர், மதுரை, திருவண்ணாமலை, கன்னியாகுமரி... போற இடத்துலயே உட்கார்ந்து கோபுரத்தையும் கடலையும் வரையறது. ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினா வர்ற அதே திருவண்ணாமலைதான் தம்பி!

வெள்ளையை விட்டு வைக்கிற வித்தை

இங்கே ஒரு சின்ன பிரேக். வாட்டர்கலர் கையில எடுத்தவங்களுக்கு இது தெரியும், மத்தவங்களுக்காகச் சொல்றேன்.

வெட்டவெளியில உட்கார்ந்து நீர்வண்ணம் பூசுறது மாதிரி படுத்தி எடுக்கிற வேலை வேற கிடையாது. காலையில கோபுரத்தோட இடது பக்கம் நிழல் இருக்கும். நீங்க பாதி வரையறதுக்குள்ள சூரியன் நகர்ந்து, நிழல் வேற பக்கம் போயிருக்கும். நம்ம ஊரு வெயிலுக்குத் தாள்ல வெச்ச கலர் பட்டுனு காஞ்சிடும். திருத்தலாம்னா நடக்காது, மேல மேல பூசினா சேறு மாதிரி ஆயிடும். முக்கியமான விஷயம்: இதுல வெள்ளைக்குன்னு தனியா பெயின்ட் வைக்கிறது இல்லை. எங்கே வெளிச்சம் வேணுமோ, அந்த இடத்துல தாளை அப்படியே தொடாம விட்டுடணும். எதை விடப் போறோம்னு பிரஷைத் தொடறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணியாகணும்.

அதனால வரையறவன் முதல்ல கத்துக்கிறது வரையறதை இல்லை. பார்க்கிறதை. மணிக்கணக்கா, எழுந்திருக்காம, பசிச்சாலும் பொறுத்துக்கிட்டுப் பார்க்கிறதை. இதை மனசுல வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

பிரஷ் கீழே, பவுடர் மேலே

1965. ஏ.சி.திருலோகசந்தர் இயக்கின ஏவி.எம். படம் 'காக்கும் கரங்கள்'. அதுலதான் பழனிசாமி, சிவகுமாரா திரைக்கு வந்தார்.

வந்ததும் ஸ்டார் ஆயிட்டாரான்னா, அதுதான் இல்லை! 'சரஸ்வதி சபதம்' (1966) படத்துல விஷ்ணு. 'கந்தன் கருணை' (1967) படத்துல முருகன். 'உயர்ந்த மனிதன்' (1968) படத்துல சிவாஜி இருக்காரு, இவரு ஒரு இளைஞன். முகத்துல தெய்வ களை இருக்குன்னு சாமி வேஷம், இல்லேன்னா ரெண்டாவது ஆள். ஊரே திரும்பிப் பார்த்த 'அன்னக்கிளி' வந்தது 1976-ல. இளையராஜாவுக்கு அது முதல் படம். இவருக்குப் பதினோரு வருஷக் காத்திருப்பு!

நாம ஒரு செமஸ்டர் அரியர் விழுந்தாலே 'லைஃபே போச்சு மச்சி'ங்கிறோம். பதினோரு வருஷம்னா இருபத்திரண்டு செமஸ்டர், கணக்குப் போட்டுக்குங்க.

அதுக்கப்புறம் 1979-ல நூறாவது படம், 'ரோசாப்பூ ரவிக்கைக்காரி'. ஹீரோன்னா நாலு பேரை அடிக்கணும்னு இருந்த காலத்துல, ஏமாந்து நிக்கிற ஒரு வெள்ளந்திப் புருஷனா நடிச்சார். 'வண்டிச்சக்கரம்' (1980) படத்துல அப்படியே உல்டா, பேட்டை ரவுடி. கே.பாலசந்தரோட 'சிந்து பைரவி' (1985) படத்துல ஜே.கே.பி.ங்கிற கர்னாடக சங்கீத வித்வான். பாடினது யேசுதாஸ். ஆனா அந்தத் தொண்டைக்குழி ஏறி இறங்குறதையும், தாளம் போடுற கையையும் பார்த்தா, பாட்டு வேற வாயில இருந்து வருதுன்னு தோணுமா? அது என்ன மாயம்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு யோசனை. என் கணிப்பு இது: கோபுரத்தை மணிக்கணக்கா பார்த்துப் பழகின கண்ணு, ஒரு பாடகரோட கழுத்தையும் அப்படித்தான் பார்த்திருக்கும்.

அப்புறம் சேதுமாதவன் இயக்கின 'மறுபக்கம்'. இந்திரா பார்த்தசாரதி கதை. 1990-ம் ஆண்டுக்கான சிறந்த படம்னு தேசிய விருது, தங்கத் தாமரையை முதன்முதலா வாங்கின தமிழ்ப் படம். அதுலயும் இவரு இருக்காரு. உங்க அம்மாகிட்ட கேட்டா, 1999-ல தொடங்கின 'சித்தி' சீரியல் பத்தி ஒரு மணி நேரம் சொல்வாங்க.

எல்லாம் சரி. அந்தப் பிரஷ் என்ன ஆச்சு?

கீழே வெச்சாச்சு. மறைக்க வேண்டாம், உள்ளதைச் சொல்லுவோம். ஓவியனா இருந்தது கிட்டத்தட்ட ஏழு வருஷம், நடிகனா இருந்தது அதுக்குப் பல மடங்கு. ஒரு வேலை இன்னொரு வேலையைச் சாப்பிட்டுடுச்சு. 'ஆசைப்பட்டதை விடாதே, எல்லாம் நடக்கும்'னு டயலாக் விடுறவங்க இந்த இடத்தைத் தாண்டிக் குதிச்சிடுவாங்க. நான் குதிக்க மாட்டேன். வாழ்க்கையில சிலதை நிறுத்தித்தான் ஆகணும். வயித்துப்பாடுன்னு ஒண்ணு இருக்கு.

ஆனா ஒண்ணு. அவர் வரையறதை நிறுத்தினாரே தவிர, வரைஞ்சதைத் தூக்கிப் போடலை!

ஐம்பது வருஷம் தாண்டி வந்த தாள்கள்

இங்கேதான் இந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்குது. அந்தக் காலத்து வாட்டர்கலர், பென்சில் படம், போர்ட்ரெய்ட் எல்லாத்தையும் பத்திரமா வெச்சிருந்தார். படங்களை மட்டுமா? 1946 முதல் 1975 வரைக்குமான தன் வாழ்க்கையை 'டைரி'ன்னே புத்தகமா கொண்டு வந்தார். ஷூட்டிங், அவுட்டோர், கல்யாணம், குழந்தைங்க, வீடு மாறுறது... எத்தனை பொங்கலுக்கு வீட்டை ஒழிச்சிருப்பாங்க! ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தர் 'இதெல்லாம் எதுக்கு இன்னும்?'னு கேட்டிருக்க மாட்டாங்களா?

2016-ல அவருக்கு 75 வயசு நிறைஞ்சது. சென்னையில அந்த ஓவியங்களைக் கண்காட்சியா வெச்சாங்க, அழகான புத்தகமாவும் வந்துச்சு. இருபது வயசுப் பையன் வெயில்ல உட்கார்ந்து வரைஞ்ச கோபுரம், எழுபத்தஞ்சு வயசுத் தாத்தாவோட கண்காட்சியில தொங்குது. சினிமாவுல பார்த்தவங்க அன்னிக்கு ஓவியரைப் பார்த்தாங்க. நடுவுல ஐம்பது வருஷம் அந்தத் தாள் ஒண்ணுமே செய்யலை. சும்மா இருந்துச்சு. இருந்துச்சுங்கிறதுதான் விஷயம்.

நடுவுல அவர் இன்னொரு ரூட்டையும் பிடிச்சார். அறுபத்தஞ்சைத் தாண்டின வயசுல, நடிப்பைக் குறைச்சுக்கிட்டு கம்பராமாயணத்தைக் கையில எடுத்தார். நூறு பாட்டை மனப்பாடம் பண்ணி, கையில துண்டுச் சீட்டு இல்லாம, ரெண்டு மணி நேரத்துக்கு மேல மேடையில நின்னு முழுக் கதையையும் சொன்னார். அப்புறம் மகாபாரதம். அப்புறம் திருக்குறள். ஆடியன்ஸ் பெரும்பாலும் நம்மள மாதிரி காலேஜ் பசங்க. சத்தம் போடாம உட்கார்ந்து கேட்டாங்க.

நமக்கு அஞ்சு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணினது ஹால் டிக்கெட் காட்டுறதுக்குள்ள மறந்து போகுது. அவருக்கு எப்படி? முன்னாடி ஒண்ணு மனசுல வெச்சுக்கச் சொன்னேனே, அதுதான். எழுந்திருக்காம உட்கார்ற அந்தப் பொறுமை. கோபுரத்துக்கு முன்னாடி கத்துக்கிட்டது கேமரா முன்னாடி உதவுச்சு, கம்பன்கிட்டயும் உதவுச்சு. பிரஷ்தான் கீழே போச்சு, அது கொடுத்த பழக்கம் போகலை.

இவர் மட்டும் இல்லை

இதே எழும்பூர் கல்லூரியில படிச்ச இன்னொருத்தர் பாண்டு. ஆமா, அந்த அஷ்டகோணல் முகத்தோட நம்மைச் சிரிக்க வெச்ச காமெடியன்தான்! எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கினப்போ அ.தி.மு.க. கொடியை வரைஞ்சவர் அவர். ஒரு பக்கம் சினிமா, இன்னொரு பக்கம் 'கேப்பிட்டல் லெட்டர்ஸ்'னு பெயர்ப் பலகை செய்யற சொந்தத் தொழில். ரெண்டையும் கடைசி வரைக்கும் விடலை. 2021 மே மாசம் கொரோனா அவரைக் கொண்டுபோச்சு.

ஓவியர் வீர சந்தானம் ரிவர்ஸ் கியர். நெசவாளர் சேவை மையத்துல துணிகளுக்கு டிசைன் போட்டுக்கிட்டு இருந்தவர், பாலு மகேந்திராவோட 'சந்தியா ராகம்' மூலமா நடிகரானார். 2017-ல காலமாகுற வரைக்கும் கோடு அவரை விடலை.

வெளியூர் உதாரணம் வேணுமா? 'உமர் முக்தார்' பார்த்திருக்கீங்களா? அந்தக் கிழவர், ஆன்டனி க்வின். மெக்சிகோவுல பிறந்து, லாஸ் ஏஞ்சலீஸ்ல வறுமையில வளர்ந்து, கட்டடக்கலை படிக்க ஆசைப்பட்டு, ஹாலிவுட்டுக்குள்ள போனவர். ரெண்டு ஆஸ்கர். அதுல ஒண்ணு, வான்கா பத்தின படத்துல ஓவியர் பால் காகினா நடிச்சதுக்கு! பிற்காலத்துல அவரே ஓவியம், சிற்பம்னு கண்காட்சி வெச்சார்.

கூட்டிக் கழிச்சுப் பார்த்தா ஒரு விஷயம் தெரியுது. யாருக்கும் ரூட்டு நேரா போகலை. ஆனா யாரும் வந்த வழியைக் கொளுத்திட்டும் போகலை.

இப்போ தம்பிக்கு...

நீ சிவகுமார் ஆயிடுவேன்னு நான் ரீல் விட மாட்டேன். அன்னிக்கு மெட்ராஸுக்கு ரயிலேறின எத்தனையோ பழனிசாமிங்க பேரு நமக்குத் தெரியாது. உங்க அப்பா சொல்றது ஞாயம்தான், பி.எட். படி. சாமையை நம்பி இருக்கிற வீட்டுக்கு ஒரு மாசச் சம்பளம் என்னன்னு எனக்குத் தெரியும்.

ஆனா பி.எட்.டுக்கும் பதினேழு நோட்டுக்கும் என்ன சண்டை? லென்ஸ் வழியா வெளிச்சம் எப்படி வளையுதுன்னு போர்டுல ஒரே இழுப்புல வரைஞ்சு காட்டுற வாத்தியார் கிடைச்சா, மலைப் பசங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! அரசு நடத்துற தொழில்நுட்பத் தேர்வுல ஓவியத்துக்கு லோயர், ஹையர்னு ரெண்டு நிலை இருக்கு, விசாரிச்சு எழுதி வை. +2 படிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன்: சென்னை, கும்பகோணம் ரெண்டு ஊர்லயும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கு, பி.எஃப்.ஏ. படிக்கலாம். உங்க ஊர்ல யாருக்காவது உதவும்.

நீ பிசிக்ஸ் பையன், அதனால உனக்குப் புரியற மாதிரி ஒண்ணு. உங்க மலையிலயே காவலூர்ல வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கு, 2.34 மீட்டர் கண்ணாடி. மங்கலான நட்சத்திரத்தை எப்படிப் பிடிக்கிறாங்க? திறந்து வெச்சுட்டு ரொம்ப நேரம் காத்திருக்காங்க. வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமா சேருது. பாதியில மூடிட்டா அங்கே நட்சத்திரமே இல்லைன்னுதான் தோணும்.

கடைசியா என் கதை. இதை இதுவரைக்கும் எங்கேயும் எழுதினது இல்லை.

நானும் காலேஜ் நாள்ல வரைஞ்சுக்கிட்டு இருந்தவன்தான். உன் அளவுக்கு இல்லை, சும்மா பேனா கிறுக்கல். வேலை கிடைச்ச வருஷம், அண்ணன் கல்யாணத்துக்காக வீட்டை ஒழிச்சோம். பரண்ல இருந்த என் நோட்டையெல்லாம் நானே கயிறு போட்டுக் கட்டி, பழைய பேப்பர்காரர்கிட்ட கொடுத்தேன். பதினோரு ரூபா கொடுத்தார். டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டேன். ஒரு வருத்தமும் இல்லை.

ரெண்டு வருஷம் கழிச்சு, தாத்தா இறந்துபோனார். படத்துக்கு மாலை போடணும்னு அம்மா போட்டோ தேடினாங்க. தாத்தா போட்டோவே எடுத்துக்கிட்டது இல்லை. 'நீ ஒரு தடவை திண்ணையில உட்கார வெச்சு வரைஞ்சியே, அதை எடுடா'ன்னாங்க.

அந்தத் திண்ணையிலதான் நான் நின்னுக்கிட்டு இருந்தேன். என்ன பதில் சொல்றது?

அதனால தம்பி, ஒரே ஒரு வேண்டுகோள். வரையறதை நிறுத்துறதுன்னா நிறுத்திக்கோ, அது உன் இஷ்டம். நோட்டை மட்டும் எடைக்குப் போட்டுடாதே. கண்ணுல பட்டா படிப்பு ஏறலைன்னா, சாக்குல கட்டி, எலி கடிக்காத டிரங்குப் பெட்டியில போட்டு, அம்மாகிட்ட கொடுத்து வை. தேர்வு முடிஞ்சதும் ஒரு ஞாயித்துக்கிழமை, அந்த நடுகல்லுக்கு முன்னாடி காலையில போய் உட்காரு. நிழல் இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போற வரைக்கும் எழுந்திருக்காதே. ஆடு வந்தாலும் சரி, பசி வந்தாலும் சரி. அப்புறம் முடிவு பண்ணு. அந்தக் கல்லைச் செதுக்கினவன் பேரு யாருக்கும் தெரியாது. ஆனா அவன் வேலை, நீ வந்து வரையற வரைக்கும் நின்னுச்சு இல்லையா?

உன் படம் இப்போ என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில இருக்கு. இதை நான் எடைக்குப் போட மாட்டேன்.

பொங்கலுக்கு முன்னாடி ஒரு வரி எழுது. 'நோட்டு இருக்குண்ணா'ன்னு போட்டா போதும்.

மத்த ஃப்ரெண்ட்ஸ்... உங்க வீட்டுப் பரண்ல என்ன கிடக்கு? போய் ஒரு தடவை ஏறிப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்!